வாற கானின் முடிச்சு

அந்த முடிச்சை அவிழ்த்தது நான்தான். ஏழு தரம் அவிழ்த்தேன், ஏழு தரம் திரும்பக் கட்டினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என் பக்கத்து நியாயங்களை நான் அடுக்கும்போது யாரும் மயங்கிவிடக் கூடாது.

எங்கள் கரையில் ஒவ்வொரு போட்டுக்கும் எஞ்சினுக்கான மண்ணெண்ணெய் இரண்டு கானில் இருக்கும். ஒன்று போற கான், மற்றது வாற கான். போற கான் பெரியது. கடலுக்குப் போவது, மீனைத் தேடி அலைவது, வலை போடுவது எல்லாம் அதில்தான். வாற கான் பத்து லீற்றர். அதை நிரப்பி, மூடியின் மேல் ஒரு துணிக்கீறால் முடிச்சுப் போட்டு, போட்டின் முன்பக்கத்துப் பலகைக்கு அடியில் வைப்பார்கள். வலை ஏறி, போட் கரையைப் பார்த்துத் திரும்பிய பிறகுதான் அதை அவிழ்க்கலாம். திருநாளில் போட்டுகளை ஆசீர்வதிக்க வரும் மாதா கோயில் சுவாமியார் அந்தக் கானுக்கும் சேர்த்துத்தான் தீர்த்தம் தெளிப்பார். முடிச்சு இருந்தால் கான் நிறைய இருக்கிறது என்று அர்த்தம். அதைத் தூக்கி ஆட்டிப் பார்க்க மாட்டார்கள். வீட்டுக்குத் திரும்பி வருவேனா என்று தானே சந்தேகப்படுகிற மாதிரி அது. கரையில் வேறு எதற்கும் ஒத்துப்போகாதவர்கள்கூட, கிறிஸ்தவ வேதக்காரர், முஸ்லிம் என்று பார்க்காமல், இந்த ஒன்றில் ஒத்துப்போவார்கள்.

போட் என் கணவருக்கும் அவருடைய தம்பிக்கும் பொது. தம்பி வீடு எங்கள் வேலிக்கு அடுத்த பக்கம். அவர் மனைவி என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்கு அப்போது கைக்குழந்தை. எனக்கு ஒரே மகள், எட்டு வயது, பிறந்ததிலிருந்தே மூச்சிழுப்பு.

காஸைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. யுத்தம் முடிந்து சில வருசங்களில் எங்கள் கடலுக்கு வெளியே ஒரு பெரிய கப்பல் வந்து நின்றது. கடலுக்கு அடியில் காஸ் தேடுகிறார்களாம், வலைகளைத் தூக்கிவிடுங்கள், அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று மீனவர் சங்கத்தில் கூட்டம் வைத்துச் சொன்னார்கள். கொழும்பிலிருந்து வந்த ஐயா சிங்களத்தில் பேசினார். காஸ் இருக்கிறது என்றார், நிறைய இருக்கிறது என்றார், இனி இந்த நாடு யாரிடமும் கை நீட்டத் தேவையில்லை என்றார். எல்லோரும் கை தட்டினோம். கேக் துண்டும் சோடாவும் தந்தார்கள். அந்தக் காஸினால் எங்கள் ஊருக்குக் கிடைத்தது அந்தக் கேக்கும் சோடாவும்தான். பிறகு கப்பல் போய்விட்டது. எடுப்பதற்கு ஆள் வரவில்லை என்றார்கள், அடுத்த அரசாங்கம் வந்து எடுக்கப்போகிறோம் என்றது, அதற்கடுத்தது புதிதாகச் சட்டம் போடுகிறோம் என்றது. தேர்தல் வரும்போதெல்லாம் அந்தக் காஸ் கடலடியிலிருந்து ஒரு தரம் மேலே வந்துவிட்டுத் திரும்பப் போய்விடும்.

என் கணவருக்கு அது ஒரு பகிடி. சோற்றுப்பானையைத் திறந்து பார்த்துவிட்டு, “அடியில காஸ், மேல நாங்க, நடுவுல மீன். மீன் மட்டும்தான் எங்களுக்குச் சொந்தம்” என்பார்.

பிறகு, நாட்டில் எல்லாமே தட்டுப்பாடான அந்த வருசம் வந்தது. கடையில் காஸ் சிலிண்டர் இல்லை. டொலர் இல்லை என்றார்கள். வெளிநாட்டில் காஸ் எடுக்கிற இடங்களிலேயே வரத்துக் குறைந்துவிட்டது, விலை ஏறிவிட்டது, எங்களைப் போன்ற நாடுகள் வரிசையில் கடைசியில்தான் நிற்கவேண்டும் என்று டீவியில் கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் விளங்கப்படுத்தினார். சிலிண்டரில் வருகிற காஸ் வேறு, கடலடியில் இருக்கிற காஸ் வேறு என்றும் அவர் சொன்னார். இருக்கலாம். எனக்கு அது இரண்டும் ஒன்றுதான், ஏனென்றால் இரண்டும் என் குசினி அடுப்பில் இல்லை. அவர் பேசி முடிக்கும் முன் கரண்ட் போய்விட்டது. எங்கள் வாசலில் நின்றால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். நாட்டுக்கே அதிலிருந்துதான் கரண்ட் போகிறது என்பார்கள். அதைப் பார்த்துக்கொண்டே நாங்கள் இருட்டில் இருந்தோம்.

விறகு இல்லையா என்று கேட்பீர்கள். தென்னம்மட்டையும் சவுக்குச் சுள்ளியும் எங்கள் ஊரில் நிறையக் கிடக்கிறது. எல்லா வீட்டிலும் அடுப்பு மூட்டத் தொடங்கிவிட்டார்கள். நானும் மூட்டினேன். இரண்டாம் நாள் மகளுக்கு இழுப்பு வந்து, கல்பிட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். ஆட்டோவுக்குப் பெற்றோல் இல்லை, மீன் லொறி ஒன்றில் ஏற்றினார்கள். அங்கே டொக்டர், “வீட்ல புகை இருக்கக்கூடாது” என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைப் பார்க்கப் போய்விட்டார்.

அலுமாரிக்கு மேலே கிடந்த பழைய மண்ணெண்ணெய் அடுப்பை அன்றைக்குத்தான் இறக்கினேன். அதற்கு எண்ணெய் வேண்டும். சங்கத்தில் வெள்ளிக்கிழமை தருவோம் என்றார்கள். அதற்கு இடையில் என் குசினிக் கதவுக்குப் பின்னால், முடிச்சுப் போட்டபடி, வாற கான் இருந்தது. கரையில் வைத்தால் களவு போகிறது என்று எல்லோரும் கான்களை வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்ட காலம் அது.

முதல் போத்தல் எடுத்தபோது வாசலை இரண்டு தரம் எட்டிப் பார்த்தேன். போட் எப்படியும் கரையில்தானே கிடக்கிறது, போற கானுக்கே எண்ணெய் இல்லை, வெள்ளிக்கிழமை வந்ததும் ஊற்றிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாவது போத்தலுக்கு எட்டிப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை சங்கத்தின் முன்னால் வெய்யிலில் நின்று, எண்ணெய் பவுசர் வராது என்று கேட்டுவிட்டு வந்தேன். மூன்று, நான்கு. அடுப்புக்கு எண்ணெய் ஏது என்று கணவர் கேட்டபோது, விளக்குக்கு வைத்திருந்தது என்றேன். தம்பியின் மனைவி ஒரு நாள் வேலிக்கு மேலால், “அக்கா, பிள்ளைக்குப் பால்மா கரைக்கச் சுடுதண்ணி வைக்க ஒரு சொட்டு எண்ணெய் இருக்கா?” என்று கேட்டாள். ஒரு போத்தல் நிறையக் கொடுத்தேன். எங்கிருந்து என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கொடுக்கிறவள் ஆகிவிட்டதில் ஒரு சின்னப் பெருமைகூட எனக்கு இருந்தது. இப்போது நினைத்தால் அதுதான் என்னை அதிகமாகக் கூச வைக்கிறது.

ஏழாவது போத்தலோடு கான் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. தண்ணீரை ஊற்றி நிரப்பிவிடலாமா என்று ஒரு எண்ணம் வந்தது உண்மை. மீன்பிடிக்காரன் பெண்சாதி எனக்குத் தெரியாதா, தண்ணீர் போனால் எஞ்சின் செத்துப்போகும் என்று. அதை நான் செய்யவில்லை. எனக்காகச் சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருக்கிறது.

அதற்கு இரண்டு நாள் கழித்து என் கணவர் பாலாவிக்குப் போய், ஒரு லொறிக்காரருக்குக் கருவாட்டைக் கொடுத்து, போற கானுக்கு எண்ணெய் வாங்கி வந்தார். வரும்போதே முகத்தில் சிரிப்பு. வடக்குப் பக்கம் மீன் நிற்கிறது என்று செய்தியாம். விடியப்புறம் தம்பி வந்து வாசலில் செருமினார். நான் மகளுக்குப் பக்கத்தில் படுத்திருந்தேன். தூங்கவில்லை. குசினிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது, கானின் பிடி கிரீச்சிட்டது. தூக்கும்போது பாரத்தில் கண்டுபிடித்துவிடுவார் என்று மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன். அவருடைய மற்றக் கையில் வலைமூட்டை இருந்தது. கண்டுபிடிக்கவில்லை. முடிச்சு இருந்ததே, பிறகு ஏன் பார்க்கிறார்?

அவர் வாசலைத் தாண்டும்வரை எனக்கு நேரம் இருந்தது. ஒரு சொல் போதும். தம்பிக்கு முன்னால் கத்துவார் என்று பயந்தேன். மகள் எழும்பிவிடுவாள் என்று ஒரு சாட்டும் கிடைத்தது. “போயிட்டு வாறன்” என்று அவர் சொன்னது கேட்டது. நித்திரை மாதிரிக் கிடந்தேன்.

பத்து மணிக்குள் வந்துவிட வேண்டும். அன்றைக்கு எங்கள் கரையிலிருந்து கடலுக்குப் போனது மூன்று போட்டுகள்தான். இரண்டு ஒன்பதரைக்கே வந்துவிட்டன. மீன் நல்லாயில்லை, இவர்கள் இன்னும் வெளியே போனார்கள் என்றார்கள். பத்தரைக்கு நான் கரைக்கு வந்துவிட்டேன். பதினொரு மணிக்கு போன் எடுத்துப் பார்த்தேன். தொடர்பு இல்லை. கரண்ட் வெட்டு நேரம், போன் கோபுரமும் செத்துக் கிடந்தது.

வாடைக் காற்று முடிகிற காலம் அது. முடிகிற காலம்தான், முடியவில்லை. எங்கள் ஊரில் காற்றைப் பார்க்க யாரும் கடலைப் பார்ப்பதில்லை, புகைபோக்கியைத்தான் பார்ப்பார்கள். புகை கடல் பக்கம் சாய்ந்து, நீளமாக, கலையாமல் போய்க்கொண்டிருந்தது. எஞ்சின் நின்ற போட் ஒன்று எந்தப் பக்கம் போகும் என்று அந்தப் புகை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன். முடியவில்லை.

ஆண்கள் வள்ளக் கொட்டிலின் நிழலில் இருந்தார்கள். அவர்களுக்குப் பதற்றம் இல்லை. ஒருவர் சொன்னார், “மீனுக்குப் பின்னால போயிருப்பாங்க. வாற கான் இருக்குதானே, எங்க போனாலும் வந்துருவாங்க.” மற்றவர்கள் ஓம், ஓம் என்றார்கள். பொழுதுபடும்வரை பார்த்துவிட்டு நேவிக்குச் சொல்லலாம் என்று முடிவெடுத்தார்கள். அது நியாயமான முடிவு. முடிச்சை நம்புகிறவர்கள் எடுக்கக்கூடிய முடிவு.

தம்பியின் மனைவி எனக்கு ஒரு கோப்பை பிளேன்டி கொண்டு வந்தாள். குழந்தை இடுப்பில் இருந்தது. “ஏன் அக்கா இப்பிடி வேர்க்குது? வாற கான் இருக்கே” என்று சொல்லி என் முதுகைத் தடவினாள். அந்தக் கை என் முதுகில் இருந்தபோது எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. பிளேன்டியைக் குடித்தேன். சீனி இருந்ததா இல்லையா என்று தெரியவில்லை.

மதியத் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்தபோது பள்ளிப் பக்கமிருந்து, நாங்கள் எல்லோரும் நாநா என்று கூப்பிடுகிறவர் வந்தார். எங்கள் போட்டுக்கு அடுத்த போட் அவருடையது. யுத்தத்தில், தொண்ணூறாம் வருசம், மன்னார் முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது, பதினாறு வயதில் இந்தக் கரையில் வந்து இறங்கியவர். அதிகம் கதைக்க மாட்டார். கதைக்காத மனிதரிடம் சொல்வது சுகம் என்று நினைத்தேனோ என்னவோ, அவரை அவருடைய போட்டுக்கு மறைவாகக் கூப்பிட்டேன்.

“நாநா, வாற கான்ல எண்ணெய் இல்ல” என்றேன். “பாதிக்கும் குறைவு. நான் எடுத்துட்டன். பிள்ளைக்குப் புகை ஒத்துக்கொள்ளாது எண்டு அடுப்புக்கு எடுத்தன். அவங்களுக்குத் தெரியாது.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. புகைபோக்கியைத்தான் பார்த்தார். நான் இரண்டு மணித்தியாலமாகப் பார்த்துக்கொண்டிருந்த அதே புகையை அவர் ஒரு நிமிசம் பார்த்தார்.

“இத ஏன் தங்கச்சி பத்து மணிக்குச் சொல்லல?”

அவர் சாரத்தை மடித்துக் கட்டினார்.

“என்ட வாற கான் நெறைய இரிக்கி. அதுல தேடிப் போக ஏலாது, திரும்பி வரணும். போறதுக்கு எண்ணெய் வேணும். ஆர்ட்டயும் கான் கணக்குல இல்ல, மத்தவங்கட வாற கானும் போறதுக்கு எடுக்க ஏலாது. வீடுகள்ல வெளக்குக்கு வெச்சிருப்பாங்க. நீங்க போய்க் கேளுங்க. நான் எஞ்சின ஏத்துறன்.” இரண்டு அடி போய்விட்டுத் திரும்பினார். “மன்னார்ல இருந்து எங்களக் கொண்டுவந்த போட்டுக்கும் வாற கான் இல்ல” என்றார். அதை ஏன் சொன்னார் என்று நான் யோசிக்க அப்போது நேரம் இல்லை.

கான் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நான் முதல் வீட்டுக்குப் போனேன். கரண்ட் வெட்டுக்கு விளக்கு எரிக்க ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்சம் எண்ணெய் இருந்தது. அதைக் கேட்டால் ஏன் என்று கேட்பார்கள். இவர்கள் இன்னும் வரவில்லை என்றால், வாற கான் இருக்கே என்பார்கள். அதற்குப் பிறகு நான் சொல்ல வேண்டும். முதல் வீட்டில் அழுதுகொண்டு சொன்னேன். ஐந்தாவது வீட்டில் அழுகை நின்றுவிட்டது. பத்தாவது வீட்டில், அவர்கள் கேட்கும் முன்னரே, “நான்தான் வாற கான்ல எடுத்தன், அவங்க எண்ணெய் இல்லாம நிக்கிறாங்க, இருக்கிறதைத் தாங்க” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். ஒரு வீட்டில் அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, “முடிச்சையா அவிழ்த்தாய்?” என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டார். ஆனாலும் விளக்கைக் கவிழ்த்து, திரி ஊறிக்கிடந்த எண்ணெயைக்கூட என் கானில் வடித்தார். சாராயப் போத்தலில், ஜாம் போத்தலில், இருமல் மருந்துப் போத்தலில் என்று எண்ணெய் வந்தது. யாரும் இல்லை என்று சொல்லவில்லை. ஏசியவர்களும் தந்துவிட்டுத்தான் ஏசினார்கள்.

தம்பி வீட்டைக் கடைசிக்கு விட்டிருந்தேன். அங்கே போவதற்குள் செய்தி எனக்கு முன்னால் போய்விட்டது. அவள் வாசலில் நின்றாள். குழந்தையை இறக்கிவிட்டிருந்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. நான் வாயைத் திறந்தேன், அவள் உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான், இனி இந்த வேலிக்கு மேலால் கதை இல்லை என்று நினைத்தேன்.

ஒரு போத்தலோடு வெளியே வந்தாள். கழுத்துவரை நிறைய இருந்தது.

“போன கிழமை நீங்க தந்தது. அவசரத்துக்கு இருக்கட்டும் எண்டு நான் பத்தவைக்கல” என்றாள். “அதுலதான் எடுத்தீங்களா?”

“ஓம்.”

அவள் அழவில்லை. மூடியைத் திறந்து, என் கையிலிருந்த கானுக்குள் தானே ஊற்றினாள். ஒரு சொட்டும் வெளியே சிந்தவில்லை. ஊற்றி முடியும்வரை நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

நாநாவும் இன்னொருவரும் போனார்கள். போகும்போது அவருடைய வாற கானின் முடிச்சை எல்லோரும் பார்த்தோம். அதற்குப் பிறகு நேரம் போகவே இல்லை. கரண்ட் வந்தது, யாரோ வீட்டில் டீவி தானாகக் கத்தத் தொடங்கியது, ஓடிப்போய் நிற்பாட்டினார்கள். மகள் என் மடியில் படுத்து, “அப்பா எப்ப வருவார்” என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். அவளுக்கு மூச்சு நன்றாக இருந்தது. இந்த மூச்சுக்கு நான் கொடுத்த விலை அந்தக் கடலில் எங்கோ மிதக்கிறது என்று நினைத்தேன். மாதாவிடம் நேர்த்தி வைக்கவும் வாய் வரவில்லை. தீர்த்தம் தெளித்த கானில் களவெடுத்தவள் என்னவென்று கேட்பது?

சூரியன் கடலைத் தொடும் நேரத்தில் ஒரு போட் இன்னொரு போட்டை இழுத்துக்கொண்டு வருவது தெரிந்தது. இரண்டாவது போட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று எண்ணியது நான் இல்லை. தம்பியின் மனைவிதான் எண்ணினாள், சத்தமாக. ஒன்று, இரண்டு. பிறகு மணலில் குந்திவிட்டாள்.

கரை முழுக்க ஆட்கள். போட்டை எல்லோரும் சேர்ந்து இழுத்தார்கள். தம்பிதான் முதலில் குதித்தார். வெய்யிலில் முகம் கருகி, உதடு வெடித்திருந்தது. தன் மனைவியைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி, “அண்ணன்தான் வீட்டு அடுப்புக்கு எண்ணெய் எடுத்தவராம். சொல்ல மறந்துட்டாராம்” என்றார். “மனிசன் காலையில இருந்து நூறு தரம் என்னட்ட மன்னிப்புக் கேட்டுட்டார்.”

அந்தக் கரையில் நின்ற ஒவ்வொரு பெண்ணும் என் வாயால் உண்மையைக் கேட்டிருந்தாள்.

என் கணவர் போட்டிலிருந்து இறங்காமல் நின்றார். கையில் வாற கான், வெறுங்கான். முடிச்சை அவிழ்க்கும்போதே அது என் முடிச்சு என்று அவருக்குத் தெரிந்திருக்கும். நான் எதையும் இரட்டையாகத்தான் கட்டுவேன். கடலுக்கு நடுவில், எஞ்சின் நின்றபிறகு, தம்பி அண்ணன் வீட்டில் இனிக் கை நனைக்காமல் போய்விடுவானே என்று யோசித்து அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறார். சாகப்போகிறோமோ என்ற நேரத்தில் என் பெயரைக் காப்பாற்றியிருக்கிறார். அவர் ஆட்களின் முகங்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“சொல்லிட்டியா?” என்று கேட்டார்.

“ஓம். எல்லா வீட்டிலயும்.”

அவர் தலையை ஆட்டினார். இறங்கி வந்து மகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். நான் வெறுங்கானைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

அவர் என்னை ஏசவில்லை, அன்றைக்கும் இல்லை, பிறகும் இல்லை. ஏசியிருந்தால் நானும் ஏசியிருப்பேன், கேக்கும் சோடாவும் தந்த ஐயாவிலிருந்து தொடங்கி டீவிக்காரர்வரை ஒருவரையும் விட்டிருக்க மாட்டேன். அந்தக் கோபம் அப்படியே மிச்சமாக இருக்கிறது. தம்பி குடும்பம் வேலிக்கு மேலால் கதைக்கிறது. சில மாதங்களில் காஸ் சிலிண்டர் வந்தது. கடலுக்கு அடியில் இருக்கிற காஸை எடுக்கப்போவதாகத் திரும்பவும் சொல்லியிருக்கிறார்கள். என் கணவர் அதற்கு இப்போது பகிடி விடுவதில்லை.

வாற கானுக்கு நாங்கள் முடிச்சுப் போடுவதும் இல்லை. ஒவ்வொரு நாளும் விடியப்புறம் குசினிக் கதவுக்குப் பின்னாலிருந்து அதை எடுத்து, வாசலைத் தாண்டும் முன், காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்க்கிறார். நான் கேட்க வேண்டும் என்று அவர் செய்வதில்லை. எனக்குத் தெரியும், மெதுவாகத்தான் ஆட்டுவார். பிறகு, “போயிட்டு வாறன்” என்பார். நான் ஒரு நாளும் நித்திரையில் இருப்பதில்லை.